வைக்கோல் போரைப் பிரித்தவர்கள்

புதுக் காரின் சீட்டுக்குப் போட்டிருந்த பாலிதீன் உறையைக்கூட இன்னும் கிழிக்காத ராஜசேகர், பங்குனிக் கடைசியில் ஒரு நாள் காலை ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். வண்டி ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கிப்போனது. மீட்டரில் இருந்த அத்தனை விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. அவற்றில் பாதி என்ன சொல்ல வருகின்றன என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை.

ராஜசேகர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தர மேலாளர். அந்தக் கம்பெனி தயாரிப்பதே கார்களுக்கான ஒயர்கட்டுதான். காரின் மூக்கிலிருந்து வால்வரை நரம்பு மாதிரி ஓடும் அந்தக் கட்டுகளில் ஒரு நூலளவு பிசகு இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டியது அவர் பொறுப்பு. அவர் அறைச் சுவரில் 'குறை: பூஜ்யம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். வீட்டிலும் அப்படி ஒன்றை எழுதி மாட்டலாமா என்று ஒருமுறை கேட்டார். அவர் மனைவி நிர்மலா பதில் சொல்லாமல் எழுந்து போனதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அளவுக்குப் புத்திசாலிதான்.

சர்வீஸ் சென்டரிலிருந்து இழுவை வண்டி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போனது. லேஅவுட் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. சாயங்காலம் எலக்ட்ரீஷியன் முனிராஜ் போன் செய்து நேரில் வரச் சொன்னான்.

"எலி சார்" என்றான் முனிராஜ், பானெட்டைத் தூக்கியபடி.

"என்ன எலி?"

"எலிதான் சார். வேற என்ன எலி. இங்க பாருங்க, கடிச்சுத் துப்பி வெச்சிருக்குது."

ராஜசேகருக்கு யாரோ தன் குடும்பத்தைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டது போல இருந்தது. "எங்க ஏரியாவுல எலியெல்லாம் கிடையாதுப்பா. அப்ரூவ்டு லேஅவுட் அது."

"எலிக்கு அத யாரும் சொல்லலீங்களே சார்" என்ற முனிராஜ், உள்ளே கைவிட்டுக் கடிபட்ட கட்டை வெளியே இழுத்தான். அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. ராஜசேகரின் கம்பெனி ஸ்டிக்கர். பக்கத்தில் அவர் பிரிவின் பச்சை முத்திரை: சோதிக்கப்பட்டது. "உங்க கம்பெனி மால்தான் சார் இது. எலிக்கு ரொம்பப் புடிச்சிருக்குது போல. மெயின் கட்டுல ஒண்ணு வுடல."

வாரண்டியில் வருமா என்று கேட்டார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் மிக இனிமையான குரலில், எலி கடிப்பது தயாரிப்புக் குறை ஆகாது, வாடிக்கையாளரின் பராமரிப்புக் குறைதான் என்று சொன்னாள். அந்த வாக்கியத்தை ராஜசேகர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதற்காக ஆபீசில் அவரே உட்கார்ந்து செதுக்கிய வாக்கியங்களுக்கு அது உடன்பிறந்த தங்கை மாதிரி இருந்தது.

புது ஒயர்கட்டுப் போட்டு வண்டி வந்தது. லேஅவுட்டின் வாட்ஸப் குழுவில் அவர் செய்த தவறு, நடந்ததைச் சொன்னது. ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளிக்கு முன்னால் தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே முளைத்த லேஅவுட் அது. பாதிப் பேர் சிப்காட்டில் வேலை, மீதிப் பேர் எல்லை தாண்டி பெங்களூருக்குப் போய்வருகிறவர்கள். குழாயில் தண்ணீர் வராதபோது வாய் திறக்காத குழு, எலி என்றதும் பொங்கி எழுந்தது. புகையிலையைக் கட்டித் தொங்கவிடுங்கள் என்றார் ஒருவர். அந்துருண்டை என்றார் இன்னொருவர். ராத்திரி முழுக்க பானெட்டைத் திறந்து வைத்து லைட்டைப் போட்டு விடுங்கள், எலிக்கு வெளிச்சம் ஆகாது என்றார் மூன்றாமவர். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஹரீஷ்குமார், பெங்களூரில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர், புதினா வாசனையில் ஒரு ஸ்பிரேயின் படத்தை அனுப்பினார். மனிதக் காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டும் கருவி ஒன்றையும் யாரோ சொன்னார்கள். அந்தச் சத்தம் எலியின் காதுக்காவது கேட்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று யாரும் சொல்லவில்லை.

ராஜசேகர் எதிலும் அரைகுறை கிடையாது. எல்லாவற்றையும் செய்தார். புகையிலை, அந்துருண்டை, புதினா, மிளகுத்தூள், போதாததற்குப் பினாயில். கார் ஏ.சி.யைப் போட்டால் பீடிக் கடையும் பழைய துணி அலமாரியும் ஆஸ்பத்திரி வராந்தாவும் ஒன்றாக மூக்கில் ஏறின.

"ஏங்க, நான் இந்த வண்டில வரல" என்றாள் நிர்மலா. அவள் உத்தனப்பள்ளியில் கணக்கு டீச்சர். தன் ஸ்கூட்டரில் போய்த் தன் ஸ்கூட்டரில் வருகிறவள். "போன தடவ வந்து இறங்கினதும் ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் ஜன்னலத் திறந்துட்டாங்க."

"கொஞ்ச நாள் பொறுத்துக்க. எலி போயிரும்."

"அதுக்கு மூக்கு இருந்தா போயிரும். ஒரு பூனை வளர்க்கலாம்னு சொன்னேன், கேட்டீங்களா?"

"பூனை பெயிண்டைக் கீறிடும் நிர்மலா" என்றார் ராஜசேகர், அது ஒரு குழந்தைக்கும் தெரிந்த விஷயம் போல.

சில நாளில் கார் மறுபடி கனைத்தது. இந்த முறை பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கூடும் இருந்தது. புகையிலையைப் பொடிப்பொடியாகக் கிள்ளி மெத்தை போட்டு, மேலே ஒயரின் நீலத் தோலை வட்டமாக அடுக்கி, நடுவில் ஓர் அந்துருண்டையைத் தலையணை மாதிரி வைத்திருந்தது எலி. முனிராஜ் அதைப் போட்டோ எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டான். நன்றாகத்தான் இருந்தது.

அன்று ராஜசேகர் முடிவு செய்தார். இதுவரை தான் செய்ததெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. மூல காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எந்தக் குறையும் தீராது. கம்பெனியில் ஏதாவது தப்பு நடந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போவார்கள். ஐந்தாவது ஏனுக்குள் யாராவது ஒருவர் மாட்டிக்கொண்டு விடுவார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் ஒரு வெள்ளை அட்டையைச் சுவரில் ஒட்டி, கையில் பேனாவோடு நின்றார்.

கார் ஏன் ஓடவில்லை? ஒயர் அறுந்தது. ஒயர் ஏன் அறுந்தது? எலி கடித்தது. எலி ஏன் வந்தது? பக்கத்தில் குடியிருக்கிறது. ஏன் குடியிருக்கிறது? தங்க இடம் இருக்கிறது. ஏன் இருக்கிறது?

கூட்டமே ஒன்றாக ஜன்னல் பக்கம் திரும்பியது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம், சென்னப்பனின் களத்தில், வீட்டு உயரத்துக்கு வைக்கோல் போர் நின்றுகொண்டிருந்தது.

லேஅவுட் நின்ற நிலமெல்லாம் ஒரு காலத்தில் சென்னப்பனுடையதுதான். மனை போட விற்றுவிட்டு, ஓரமாக ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மாடும் வைக்கோலும் சாணியுமாக இருந்தார். விற்ற பணத்தில் லேஅவுட்டில் யாரிடமும் இல்லாத அளவுக்குப் பெரிய வெள்ளைக் கார் ஒன்றும் வாங்கியிருந்தார். அது வைக்கோல் போருக்குப் பக்கத்திலேயே கொட்டகையில் நின்றது. இதுவரை ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. இந்தத் தகவலைக் கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஐந்து ஏன்தான் முடிந்துவிட்டதே.

ராஜசேகரும் ஹரீஷ்குமாரும் தூது போனார்கள். சென்னப்பன் வீட்டில் தெலுங்கு, ஹரீஷ்குமாரிடம் கன்னடம், ராஜசேகரிடம் தமிழ் என்று அந்தந்த ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுகிறவர். மூன்றிலும் பிடிகொடுக்காமல் பேசத் தெரிந்தவர்.

"எலிங்களா?" என்றார் சென்னப்பன், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி. "எங்க தாத்தா காலத்துலயே இருக்குதுங்க சார் அதெல்லாம். நீங்கதான் இப்ப வந்தீங்க."

"அதுக்கில்லைங்க. வைக்கோல் போர் இருந்தா எலி தங்கும். தீப்பிடிக்கவும் சான்ஸ் இருக்கு. நாங்க மேலிடத்துக்கு எழுத வேண்டி வரும்."

"தாராளமா எழுதுங்க. பேப்பர் வேணுமா, பையன் நோட்டுல இருந்து கிழிச்சித் தரட்டுங்களா?"

ஹரீஷ்குமார் கன்னடத்தில் சமாதானம் பேசினார். சென்னப்பன் கன்னடத்திலேயே மாட்டு மூத்திரத்தின் மகிமையை விளக்கினார். இருவரும் மோர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஆனால் விதி ராஜசேகர் பக்கம் இருந்தது. மாம்பழ சீசன் தொடங்கி, கிருஷ்ணகிரி மண்டிகளில் பெட்டிக்குள் வைத்துக் கட்ட வைக்கோலுக்குக் கிராக்கி ஏறியது. யாரோ ஒரு வியாபாரி வந்து நல்ல விலை சொன்னதும் சென்னப்பன் போர் முழுவதையும் பேசி முடித்துவிட்டார். லேஅவுட்டில் இது சங்கத்தின் வெற்றியாக அறிவிக்கப்பட்டது. ராஜசேகரின் படத்தோடு கைதட்டும் பொம்மைகள் வாட்ஸப்பில் குவிந்தன. அவர் அடக்கமாக ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினார். 'எல்லாம் முறைப்படி சிந்தித்ததன் பலன்' என்று கூடவே ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரி வந்தது. போரைப் பிரிப்பதைப் பார்க்க லேஅவுட்டே காம்பவுண்டு சுவரோரம் கூடியது. செல்போனில் படம் பிடித்தார்கள். மேலிருந்து கட்டுக்கட்டாக இறங்கியது. பாதிவரை ஒன்றுமில்லை. அடித்தட்டு வைக்கோலை ஆட்கள் கவைக்கோலால் புரட்டினார்கள். அப்போது களத்தின் தரையே அசைவது போல இருந்தது.

எலிகள் கொட்டின. தாய் எலி, குட்டி எலி, பல தலைமுறைகளாக ஒரே விலாசத்தில் குடியிருந்த முழு வம்சம். பட்டப்பகலில், சித்திரை வெயிலில், நிழல் தேடி ஓடின. சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போக விட்டிருந்த ஓட்டை வழியாக ஒன்றன்பின் ஒன்றாக லேஅவுட்டுக்குள் நுழைந்தன. படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் செல்போனோடு தெறித்து ஓடினார்கள். ஹரீஷ்குமார் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டார். லேஅவுட் தெருவில் அந்த நேரத்தில் நிழல் என்று இருந்தது ஒன்றுதான்: வரிசையாக நின்ற கார்களின் அடிவயிறு.

"நல்ல வேளை, தொல்லை விட்டுச்சு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சென்னப்பன் உரக்கச் சொன்னார். பிறகு ஆந்திராப் பக்கம் குப்பம் ஊரில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்று குடும்பத்தோடு வெள்ளைக் காரில் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை லேஅவுட்டில் பறவைச் சத்தம் துல்லியமாகக் கேட்டது. ஏனென்றால் ஒரு காரும் கிளம்பவில்லை. வாசலுக்கு வாசல் பானெட் திறந்திருந்தது. டையும் ஷூவுமாக மனிதர்கள் உள்ளே தலையை விட்டு, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹரீஷ்குமார் ராஜசேகரின் வாசலில் வந்து நின்றார். புதினா ஸ்பிரே பாட்டில் கையில் இருந்தது.

"ராஜசேகர் சார், இது நிம்ம ஐடியானே அல்வா?"

நிம்ம என்றால் உங்கள், அல்வா என்றால் இல்லையா என்று ராஜசேகருக்கு இத்தனை வருஷத்தில் தெரியும். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தை தமிழிலேயே காதில் விழுந்தது. பதில் சொல்ல நேரமில்லை. அன்று புனேயிலிருந்து கம்பெனிக்கு ஆடிட்டர்கள் வருகிறார்கள். வாசலில் நின்று பூங்கொத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்.

"ஸ்கூட்டர்ல விட்டுரட்டுங்களா?" என்று நிர்மலா கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பை அவ்வளவு பாடுபட்டு அடக்கினால் முகம் அப்படித்தான் இருக்கும்.

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

மெயின் ரோட்டுக்கு நடந்தார். ராயக்கோட்டைப் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ், லைனில் வேலை செய்யும் பெண்களோடு வந்து நின்றது. அந்த பஸ்ஸில் மேலாளர் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. உள்ளே பாட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. டெஸ்டிங் டேபிளில் வேலை செய்யும் பூங்கொடி எழுந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருங்க சார். வண்டி என்னாச்சுங்க?"

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

"எலிங்களா சார்?" என்றாள் அவள், உண்மையான அக்கறையோடு. "முனிராஜ் எங்க சின்னம்மா பையன்தான். ஸ்டேட்டஸ்ல பாத்தேன். கூடு ரொம்ப அம்சமா கட்டியிருந்துச்சு."

பின் சீட்டில் யாரோ துப்பட்டாவை வாயில் திணித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ராஜசேகர் ஜன்னல் வழியே, ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூரைப் பாலி ஹவுஸ்களைப் பார்த்தார். ரோஜாப்பூ ஏற்றுமதியில் அவருக்கு அவ்வளவு ஆர்வம் இருப்பது அன்றுவரை அவருக்கே தெரியாது. காது மட்டும் சூடாக இருந்தது. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் மத்தியானத்துக்குள் தனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தார். அவர் யோசித்ததைவிட நல்ல பெயராகவே வைத்தார்கள்.

ஆடிட் பிரமாதமாக நடந்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் ஏதாவது உண்டா என்று மூத்த ஆடிட்டர் கேட்டார்.

"பூஜ்யம் சார்" என்றார் ராஜசேகர், கண் இமைக்காமல்.

டீ இடைவேளையில் அந்த ஆடிட்டர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேறு ஒரு விஷயம், ஆடிட்டுக்கு வெளியே, புனேயில் தன் காரின் ஒயரை எலி தின்றுவிட்டது, இந்தத் துறையில் இருப்பவர் என்பதால் கேட்கிறேன், இங்கெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்றார். ராஜசேகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "புகையிலை" என்றார். ஆடிட்டர் அதை மிகுந்த மரியாதையோடு குறித்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க முனிராஜ் லேஅவுட்டிலேயே கடை போட்ட மாதிரி இருந்தான். ஒரு வீட்டில் டிபன், இன்னொரு வீட்டில் காபி, மூன்றாவது வீட்டில் அவன் வேலை முடியும்வரை விசிறி. அவசரக் கூட்டம் நடந்தது. வெள்ளை அட்டையை யாரோ எடுத்து வந்து, ஆறாவதாக ஓர் 'ஏன்' எழுதி, எதிரில் ராஜசேகரின் பெயரைப் போட்டிருந்தார்கள். போரை மறுபடி வைக்கச் சொல்லிச் சென்னப்பனைக் கேட்டுக்கொள்வது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. கேட்க வேண்டியவர் யார் என்பதும் ஏகமனதுதான்.

கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த சென்னப்பன் கதையைக் கேட்டுக் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்.

"வைக்கோலுக்கு எங்க சார் போறது? அது மாம்பழத்தோட டெல்லி போயிருக்கும். இனிமே கேவுரு கதிரு அறுத்தாத்தான். அதுங்காட்டியும் நீங்க எலிக்கு ஒயரே போடுங்க. பழகிடுச்சுல்ல."

ராஜசேகர் மோர்கூடக் குடிக்காமல் திரும்பினார். மறுநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசல் கேட் தட்டப்பட்டது. சென்னப்பன் நின்றிருந்தார். தோளில் துண்டு இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை.

"சார், அந்த முனிராஜு நம்பர் இருக்குதுங்களா?"

"ஏன்?"

"வண்டி ஸ்டார்ட் ஆவல. உள்ள லைட்டெல்லாம் என்னென்னமோ எரியுது."

ராஜசேகர் வாயிலிருந்த நுரையைத் துப்பினார். பல வாரங்களாக மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்து போவது போல இருந்தது. சம்பள உயர்வு வந்த அன்றும் அவர் இப்படி உணர்ந்ததில்லை. கேட்டை அகலமாகத் திறந்தார்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. நிர்மலா, ரெண்டு காபி! உக்காருங்க. சொல்லுங்க, வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகல?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலி ஏன் கடிச்சுது?"

"வைக்கோலு இல்ல, அதான்."

"வைக்கோல் ஏன் இல்ல?"

"நான் வித்துட்டேன்" என்ற சென்னப்பன் சந்தேகமாக நிமிர்ந்தார். "எத்தினி வாட்டி சார் ஏன்னு கேப்பீங்க?"

"சும்மாதான்" என்றார் ராஜசேகர், காபியை ரசித்து உறிஞ்சியபடி.

முனிராஜ் வந்து வெள்ளைக் காரின் பானெட்டைத் தூக்கும்போது இருவரும் அருகருகே நின்று பார்த்தார்கள். சென்னப்பன் தெலுங்கில் எலியின் தாயைப் பற்றி ஏதோ சொன்னார். ராஜசேகருக்குத் தெலுங்கு தெரியாது. இருந்தும் முழு மனதோடு ஆமோதித்தார்.

அதன்பின் நடந்ததெல்லாம் சாதாரணம். முனிராஜ் ஒவ்வொரு காருக்கும் அடியில் கம்பி வலை அடித்துக் கொடுத்தான். நிர்மலா யாரிடமும் கேட்காமல் பள்ளிக்கூட ஆயாவிடமிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனையைக் கூடையில் கொண்டுவந்து இறக்கினாள். அது முதல் நாளே காரின் மேல் ஏறிப் படுத்து, இறங்கும்போது பெயிண்டில் நீளமாக ஒரு கோடும் போட்டது. ராஜசேகர் அந்தக் கோட்டைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், நிர்மலாவைப் பார்த்தார், பிறகு ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தார். ஆனியில் மழை பிடித்து, சுற்றிலும் தோட்டங்களில் பயிர் எழும்பியதும், மிச்சமிருந்த எலிகளும் நல்ல சாப்பாடு தேடி அங்கே போய்விட்டன.

கம்பெனியின் ஆண்டு விழாவில், 'எலித் தொல்லை ஒழிப்பு: ஒரு மூல காரண ஆய்வு' என்ற தலைப்பில் ராஜசேகர் வண்ணப் படங்களோடு பேசினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை மட்டும் விட்டுவிட்டார். இரண்டாம் பரிசாக ஒரு ஸ்டீல் டிபன் கேரியர் கிடைத்தது. அதை டேபிளில் வைத்துவிட்டு நிர்மலா என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்.

நிர்மலா மூடியைத் திறந்து பார்த்தாள். அடுக்குகளை எண்ணினாள்.

"மொதப் பரிசு யாருக்கு?"

"கேன்டீன் மேனேஜருக்கு."

"எதுக்காம்?"

"கரப்பான் பூச்சியை ஒழிச்சதுக்கு" என்றார் ராஜசேகர்.